மூளை இமேஜிங்கில் போஸ்ட்டாக் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தீசிஸைக் கொடுத்துவிட்டு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருக்கும் காலம் இருக்கிறதே, அதைப்போல மனசு அல்லாடும் காலம் வேறில்லை. ஃபெல்லோஷிப் பணம் நின்றிருக்கும். ஹாஸ்டல் அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். ஊருக்குப் போனால் "இன்னுமா படிக்கிற?" என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் நான் செய்ததெல்லாம், தினமும் காலையில் நாலைந்து வேலைத் தளங்களைத் திறந்து 'நியூரோஇமேஜிங் போஸ்ட்டாக்' (பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) என்று தட்டுவது, வந்த விளம்பரத்துக்கெல்லாம் ஒரே சி.வி.யை அனுப்புவது. ஐந்து மாதத்தில் நாற்பது விண்ணப்பத்துக்கு மேல் போயிருக்கும். நேர்காணல் வரை வந்தவை இரண்டு. இரண்டும் கைகூடவில்லை.

கடைசியில் எனக்குக் கிடைத்த இடம் எந்தத் தளத்திலும் விளம்பரமாக வரவேயில்லை. பிறகு அந்த ஆய்வகத்திலேயே இருந்து, அடுத்தடுத்த ஆட்களை எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. கிரான்ட், அதாவது ஆராய்ச்சி நிதி, வந்த செய்தி தெரிந்த அன்றே பி.ஐ. (ஆய்வகத் தலைவர்) தனக்குத் தெரிந்த நாலு பேருக்கு மெயில் போடுவார். ஏற்கெனவே எழுதிக் கேட்டவர்களின் பழைய மெயிலைத் தேடி எடுப்பார். நிர்வாகம் கேட்கிறதே என்று விளம்பரம் வெளியாகும்போது, மனத்தில் ஒரு பெயர் இருந்தாலும் இருக்கும். எல்லா விளம்பரமும் அப்படியில்லை. ஆனால் கணிசமானவை அப்படித்தான். ஆகவே விளம்பரத்தைத் தேடுவதைவிட, பணம் புதிதாக வந்திறங்கியிருக்கும் ஆய்வகத்தைத் தேடுங்கள்.

எப்போது ஆரம்பிப்பது

தீசிஸ் கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே. சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் மரி கியூரி ஃபெல்லோஷிப்புக்குச் செப்டம்பரில் விண்ணப்பித்தால் முடிவு பிப்ரவரி வாக்கில்தான் வரும். அதற்குமேல் ஒப்பந்தம், விசா என்று இரண்டு மூன்று மாதம். நம் பக்கத்துச் சிக்கல் வேறு இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் தீசிஸ் கொடுத்த பிறகு வெளித் தேர்வாளர் அறிக்கை வந்து வைவா நடக்க ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். என் நண்பருக்கு ஐரோப்பாவில் நல்ல இடம் கிடைத்தது. ஒரு தேர்வாளரின் அறிக்கை ஏழு மாதம் வராமல் போக, அங்கே காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

ஆகவே, பேச்சு கொஞ்சம் முற்றியதுமே அந்த நிறுவனத்தின் நிர்வாகத்திடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: பட்டச் சான்றிதழ் வேண்டுமா, புரொவிஷனல் போதுமா, 'வைவா முடிந்தது' என்று பதிவாளர் கொடுக்கும் கடிதம் போதுமா? இடத்துக்கு இடம் பதில் மாறும். பி.ஐ.க்கே தெரியாமல் இருக்கும்.

முதல் படி: நீங்கள் எந்த ரகம்?

'நியூரோஇமேஜிங்' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது ஐந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் விண்ணப்பித்ததுதான் என் நாற்பது தோல்விகளில் பாதிக்குக் காரணம்.

ஒரு கூட்டம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு வேலை செய்பவர்கள். சிக்னலைப் பிடிக்கும் காயில் செய்வார்கள், ஸ்கேனரை இயக்கும் பல்ஸ் சீக்வென்ஸ் எழுதுவார்கள், அதிகக் காந்தப்புலத்தில் படம் எடுக்கப் போராடுவார்கள். இவர்களுக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள சி.எம்.ஆர்.ஆர். என்ற காந்த அதிர்வு ஆராய்ச்சி மையம் ஒரு கோயில் மாதிரி. 1992இல் மூளையின் ரத்த ஆக்சிஜன் சிக்னலை மனிதர்களில் காட்டிய முதல் குழுக்களில் ஒன்று அங்கே இருந்தது, இன்று 10.5 டெஸ்லாவில் (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) மனிதர்களைப் படம் எடுக்கிறார்கள். பாரிஸுக்கு அருகே சக்லேயில் உள்ள நியூரோஸ்பின் மையத்தில் 11.7 டெஸ்லா 'இசூல்ட்' ஸ்கேனர் இருக்கிறது. அது எடுத்த முதல் மனித மூளைப் படங்கள் 2024இல் வெளிவந்தன. இரண்டாவது கூட்டம், குறைந்த தரவிலிருந்து நல்ல படத்தை மீட்டெடுப்பவர்கள். இன்று இதில் பெரும்பகுதி டீப் லேர்னிங்.

மூன்றாவது, தரவைப் பகுத்தாய்ந்து மூளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்கள். இந்த வகையினருக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நீங்கள் தினமும் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களோ அதை இப்போது வளர்க்கும் வீட்டைப் பாருங்கள். எஸ்.பி.எம். லண்டன் யு.சி.எல்., எஃப்.எஸ்.எல். ஆக்ஸ்ஃபோர்டு, ஃப்ரீசர்ஃபர் பாஸ்டனில் மார்டினோஸ் மையம், ஏ.எஃப்.என்.ஐ. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சிலேயே. அந்த மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்த ஆள் அந்த வீட்டுக்கு முகம் தெரியாத விருந்தாளி அல்ல.

நான்காவது, எலியிலும் மீனிலும் டூ-ஃபோட்டான், லைட்ஷீட் நுண்ணோக்கிகளால் நியூரான்களைப் பார்ப்பவர்கள். ஐந்தாவது, மருத்துவமனையோடு ஒட்டியவர்கள்: பக்கவாதம், அல்சைமர், வலிப்பு, பெட் ஸ்கேன்.

இந்த ஐந்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், அடுத்து எங்கே போக ஆசை என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் மெயில் அனுப்பும் நேரம் வரவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன். பி.எச்டி.யின்போது ஸ்கேனரைச் சோதிக்க உள்ளே வைக்கும் மாதிரி உருவங்களான ஃபான்டம்களை நானே அக்ரிலிக்கில் கடைந்து செய்தேன். அதை ஒருபோதும் சி.வி.யில் போட்டதில்லை. அதெல்லாம் பட்டறை வேலை, ஆராய்ச்சியா என்ன என்று நினைப்பு. கடைசியில் எனக்கு இடம் கொடுத்தவர் ஜூமில் கேட்ட முதல் கேள்வியே, "உன் பேப்பரில் மூன்றாவது படத்தில் ஒரு ஃபான்டம் இருக்கிறதே, யார் செய்தது?" என்பதுதான். கையால் செய்யத் தெரிந்தது எதுவானாலும் எழுதுங்கள். இந்தத் துறையில் நிரல் எழுதுபவர் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஸ்கேனர் அறைக்குள் கைவேலை தெரிந்தவர் குறைவு.

இரண்டாம் படி: பணம் எங்கே இறங்கியது?

இதுதான் இந்தக் கட்டுரையின் வயிறு. நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் பெரிய கை என்.ஐ.எச். அது கொடுத்த ஒவ்வொரு கிரான்ட்டும் 'என்.ஐ.எச். ரிப்போர்ட்டர்' என்ற இணையத் தரவுதளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. நம் மாணவர்களில் பலர் இதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

திறந்ததும் உங்கள் துறைச் சொற்களைக் கொடுங்கள். 'டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் கொடுத்தால் கடல் மாதிரி வரும். 'டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ., குறைப்பிரசவம்' என்று குறுக்குங்கள். நடப்பில் உள்ள திட்டங்கள் மட்டும் என்று வடிகட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் பாருங்கள்: தொடங்கிய தேதி, முடியும் தேதி, வகை.

தொடங்கிய தேதி போன மாதமா? அப்படியானால் அந்தப் பி.ஐ. இப்போது ஆள் தேடிக்கொண்டிருப்பார். முடியும் தேதி அடுத்த வருடமா? இடம் கொடுத்தாலும் ஒரு வருடத்தில் பணம் தீரும், கேட்காமல் போகாதீர்கள். வகை என்பது கிரான்ட்டின் முன்னெழுத்து. ஆர்01 என்றால் பொதுவாக நான்கைந்து ஆண்டு ஓடும், ஒரு போஸ்ட்டாக்கைத் தாங்கும். ஆர்21 இரண்டு ஆண்டுக்கான சிறிய தொகை, நேரடிச் செலவுக்கு மொத்தமே 2,75,000 டாலர்தான் உச்சம். அதை மட்டும் நம்பி ஒருவர் உங்களைக் கூப்பிட்டால் இரண்டாண்டுக்குப் பிறகு என்ன செய்வார் என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது ஆர்00. கே99/ஆர்00 என்ற விருதை வாங்கிய போஸ்ட்டாக் ஒருவர் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்ததும், மூன்று ஆண்டு வரை கிடைக்கும் இரண்டாம் பகுதிப் பணம் அது. அதாவது, ஆர்00 என்று கண்டால் அங்கே ஒரு புத்தம்புது ஆய்வகம் திறந்திருக்கிறது. ஆள் இல்லை. பெயர் இன்னும் பரவவில்லை. அவருக்கு உங்கள் மெயில் தொந்தரவில்லை, உதவி. பெரிய பெயர்களின் வாசலில் முந்நூறு பேரோடு நிற்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. புது ஆய்வகத்தில் ஸ்கேனர் நேரத்துக்கு அல்லாட வேண்டியிருக்கும், முதல் ஆண்டு மென்பொருள் நிறுவுவதிலேயே போகும், உண்மைதான். ஆனால் பி.ஐ. தினமும் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்வார். பெரிய ஆய்வகத்தில் வாரம் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கிரான்ட்டின் சுருக்கத்தையும் படியுங்கள். அதில் 'நோக்கம் 2' என்று ஒரு பகுதியில் உங்கள் திறமை தேவைப்படும் வேலை இருந்தால், மெயிலில் நேராக அதைப் பற்றிப் பேசலாம்.

ஐரோப்பாவுக்கும் இதே உத்திதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டங்களுக்கு கார்டிஸ், ஜெர்மனியின் டி.எஃப்.ஜி. நிதிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச். இவற்றிலெல்லாம் சிறந்த துப்பு, ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழு (ஈ.ஆர்.சி.) கொடுக்கும் ஸ்டார்ட்டிங் கிரான்ட். ஐந்தாண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும், பெரும்பாலும் இளம் பி.ஐ.க்களுக்கு. வெற்றி பெற்றவர்களின் பட்டியல் பொதுவாகச் செப்டம்பரில் வெளிவரும். அந்தப் பட்டியலில் நரம்பியல் குழுவைப் பார்த்து, அந்த வாரமே எழுதுங்கள். அவர்கள் இன்னும் விளம்பரத்தின் முதல் வரியைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள்.

2025 முதல் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதியில் நடந்த நிறுத்தங்களும் வெட்டுகளும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரவுதளத்தில் கிரான்ட் இருப்பதாலேயே பணம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசும்போது கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

விளம்பரங்களை என்ன செய்வது?

விட்டுவிடச் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். ஐரோப்பாவுக்கு யூராக்செஸ், பிரிட்டனுக்கு ஜாப்ஸ்.ஏசி.யுகே, நரம்பியலுக்கு ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபென்ஸின் வேலைப் பகுதியும் அமெரிக்க நரம்பியல் சங்கமான எஸ்.எஃப்.என். நடத்தும் நியூரோஜாப்ஸும், எம்.ஆர்.ஐ.க்கு அத்துறையின் சர்வதேசச் சங்கமான ஐ.எஸ்.எம்.ஆர்.எம். தளம். கணக்கீட்டு நரம்பியல்காரர்கள் 'கனெக்ஷனிஸ்ட்ஸ்' மெயில் பட்டியலில் சேர்ந்துவிடுங்கள். எல்லாவற்றிலும் தானியங்கி அறிவிப்பை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். விளம்பரம் கண்ணில் பட்டால், விண்ணப்பப் படிவத்தோடு நிற்காமல் பி.ஐ.க்குத் தனியாக இரண்டு வரி மெயில் போடுங்கள்.

மூன்றாம் படி: அந்த மெயில்

நான் அனுப்பிய முதல் மெயில்களில் ஒன்றை இப்போது எடுத்துப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா / அம்மா" என்று தொடக்கம். ஆள் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை என்பதை நானே முதல் வரியில் ஒப்புக்கொண்டிருக்கிறேன்! பிறகு, நான் இன்ன கல்லூரியில் இன்ன மதிப்பெண்ணில் பி.இ. முடித்தேன், கேட் தேர்வில் இன்ன தரவரிசை என்று ஜாதகம். "உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு வாய்ப்பு" என்று முடிவு. இணைப்பில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் உட்பட ஆறு கோப்புகள். கிணற்றில் போட்ட கல் மாதிரி போய்ச் சேர்ந்ததில் வியப்பென்ன?

வேலை செய்த மெயில் எப்படி இருந்தது என்று தமிழில் சொல்கிறேன். (துறைக்குப் புதியவர்களுக்கு: எஃப்.எம்.ஆர்.ஐ. என்றால் மூளையின் செயல்பாட்டைப் படமெடுப்பது, லேமினார் என்றால் புறணியின் அடுக்குகளைத் தனித்தனியே பார்ப்பது, வாசோவும் போல்டும் அதில் சிக்னலைப் பெறும் இரண்டு முறைகள், பிரிபிரின்ட் என்றால் இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றிய பேப்பர், புரவலர் என்றால் ஃபெல்லோவை ஏற்கும் பேராசிரியர்.) தலைப்பு: "7 டெஸ்லா லேமினார் எஃப்.எம்.ஆர்.ஐ., போஸ்ட்டாக், அடுத்த ஜனவரி முதல்." பெயர் சொல்லி வணக்கம். அப்புறம்:

"உங்கள் குழுவின் சமீபத்திய பிரிபிரின்ட்டில், மூளைப் புறணியின் மேல்பரப்பு ரத்தக் குழாய்கள் சிக்னலைத் திரிப்பதைத் தவிர்க்க வாசோ முறையைக் கையாண்டிருக்கிறீர்கள். என் பி.எச்டி.யில் இதே சிக்கலை 3 டெஸ்லாவில், போல்டு தரவைத் திருத்துவதன் வழியாக அணுகினேன். கீழே உள்ள படத்தில் இடப்பக்கம் திருத்தத்துக்கு முன், வலப்பக்கம் பின். உங்கள் 7 டெஸ்லா தரவில் இது எங்கே தோற்கும் என்று பார்க்க ஆசை. சோதனைக்கான ஃபான்டம்களை நானே செய்வேன். தீசிஸ் கொடுத்துவிட்டேன், வைவாவுக்குக் காத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு உங்கள் குழுவில் இடம் இருக்குமா? இல்லையென்றால், மரி கியூரி ஃபெல்லோஷிப்புக்கு உங்களைப் புரவலராகக் கொண்டு விண்ணப்பிக்கலாமா? நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது, சி.வி. இணைப்பில்."

அவ்வளவுதான். கைபேசியில் ஒரே திரையில் படித்து முடிக்கலாம். 'எங்கே தோற்கும்' என்ற வரியைக் கவனியுங்கள். என் முறை அற்புதம் என்று சொல்லவில்லை. அந்த வரிக்காகத்தான் பதில் போட்டேன் என்று அவரே பின்னால் சொன்னார்.

சி.வி. இரண்டு பக்கம், ஒரே பி.டி.எஃப். தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, கையெழுத்துக்கு மேல் "மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்" எல்லாம் வேண்டாம். கிட்ஹப் சுட்டி கொடுத்தால் அங்கே போய்ப் பார்ப்பார்கள், நிச்சயமாக. ஒழுங்கான விளக்கக் குறிப்பும், ஓபன்நியூரோ போன்ற திறந்த தரவில் ஓட்டிப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டும் இருந்தால் நல்லது. தரவை பிட்ஸ் (மூளைப் படக் கோப்புகளை அடுக்கும் பொது ஒழுங்கு) முறையில் அடுக்கப் பழகியிருப்பதும் இன்று எழுதப் படிக்கத் தெரிவது மாதிரி.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே துறையில் இருக்கும் நான்கு பேராசிரியர்களுக்கு ஒரே நாளில் ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். மதியச் சாப்பாட்டில் பேசிக்கொள்வார்கள்.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பல கைடுகள் "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். அப்படி எழுதிய கடிதம் எல்லாருக்கும் பொதுவான புகழ்ச்சியாகவே வரும். வெளியே அதற்கு மதிப்பில்லை. "சார், நீங்களே எழுதுங்கள், நான் குறிப்புகள் தருகிறேன்" என்று சொல்லி, நீங்கள் செய்த மூன்று வேலைகளை, நடந்த சம்பவத்தோடு, அரைப் பக்கத்தில் கொடுங்கள். கடிதம் அவருடைய நிறுவன மெயிலிலிருந்து போக வேண்டும். கைடுக்கு அடுத்து, உங்களோடு வேலை செய்த ரேடியாலஜிஸ்ட்டையோ நரம்பியல் மருத்துவரையோ கேட்பது நல்லது. மருத்துவரோடு பேசி வேலை வாங்கத் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

நேரில் பார்ப்பது

ஐ.எஸ்.எம்.ஆர்.எம்., ஓ.எச்.பி.எம்., மிக்காய், எஸ்.எஃப்.என். இந்த நான்கு மாநாடுகளில் உங்கள் ரகத்துக்கு ஏற்ற ஒன்றுக்கு, பி.எச்டி. முடியும் முன் ஒருமுறையாவது போகப் பாருங்கள். மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை உண்டு, சுருக்கம் அனுப்பும்போதே கேட்க வேண்டும். போவதற்கு மூன்று வாரம் முன்பே, சந்திக்க நினைப்பவருக்கு "என் போஸ்டர் இன்ன எண், இன்ன நேரம்" என்று எழுதிவிடுங்கள். அவர் வராமல் அவருடைய போஸ்ட்டாக்கை அனுப்பினால் ஏமாற வேண்டாம். அவரிடம்தான் ஆய்வகத்தின் உண்மை நிலவரம் தெரியும்.

நான்காம் படி: சொந்தப் பணம்

உங்கள் பெயரில் ஃபெல்லோஷிப் இருந்தால் எந்தப் பி.ஐ.யும் வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். எல்லாவற்றையும் பட்டியல் போடவில்லை. நம்மவர்களுக்கு உண்மையில் பொருந்துபவை மட்டும்.

மரி கியூரி போஸ்ட்டாக்: விண்ணப்பக் கெடுவுக்குள் பி.எச்டி. முடித்திருக்க வேண்டும், முடித்து எட்டாண்டு ஆராய்ச்சி அனுபவத்தைத் தாண்டக் கூடாது. போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் மே, ஜூனிலேயே 'எங்களோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள்' என்று பயிற்சிப் பட்டறை நடத்தும். அதில் இடம் பிடித்துவிட்டால் திட்டம் எழுத ஆள் துணை கிடைக்கும். தனியாக எழுதுவது கஷ்டம்.

ஜெர்மனியின் ஹம்போல்ட்: பி.எச்டி. முடித்து நான்காண்டுக்குள், புரவலர் சம்மதத்தோடு, ஆண்டின் எந்த நாளிலும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் ஃபெல்லோஷிப்புக்கும் நிலையான கெடு நாள் கிடையாது. உயிரியல் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிதித் திட்டமான எச்.எஃப்.எஸ்.பி. மூன்றாண்டு கொடுக்கிறது. அதில் 'கிராஸ்-டிசிப்ளினரி' என்ற பிரிவு இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியலில் பி.எச்டி. முடித்து உயிரியலுக்குள் வருபவர்களுக்கென்றே வைத்தது. இமேஜிங்கில் பி.எச்டி. செய்த பொறியாளர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இருந்தும் இதைக் கேள்விப்படாதவர்களே அதிகம்.

அமெரிக்காவில் எஃப்32, டி32 என்ற என்.ஐ.எச். பயிற்சி நிதிகள் இரண்டும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். அந்த விளம்பரங்களில் நேரம் செலவழிக்காதீர்கள். கே99 நமக்கும் திறந்தது, ஆனால் போஸ்ட்டாக் ஆரம்பித்து நான்காண்டுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். முதல் நாளிலிருந்தே மனத்தில் வையுங்கள்.

அப்புறம், வெளிநாடுதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கரு மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளைச் செல் அளவு நுணுக்கத்தில் படம்பிடித்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கே திறந்துவிட்டது. பெங்களூரில் நிம்ஹான்ஸும், ஐ.ஐ.எஸ்சி. வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையமும், மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. முன்பு மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பான எஸ்.இ.ஆர்.பி. நடத்திய தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பை, இப்போது அதன் இடத்தில் வந்த ஏ.என்.ஆர்.எஃப். நடத்துகிறது. இரண்டாண்டு, பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 35. வைவாவுக்கும் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கும் நடுவே விழும் பள்ளத்தை உள்நாட்டுப் பதவி ஒன்றால் நிரப்பிக்கொண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: நேர்காணலும் வேவு பார்ப்பதும்

நேர்காணல் பெரும்பாலும் ஜூமில் முக்கால் மணி நேரப் பேச்சு, பிறகு குழுவினரோடு தனித்தனியே அரை மணி. பேச்சில் ஐந்து பேப்பரையும் திணிக்காதீர்கள். ஒரு கேள்வி, ஒரு முறை, ஒரு முடிவு, கெட்டுப்போன ஒரு சோதனை. 'இந்த ஸ்கேனில் தலை அசைந்ததை எப்படிக் கையாண்டாய்?' மாதிரிச் சாதாரணக் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மென்பொருள் தானாகச் செய்தது என்று சொன்னால் முடிந்தது கதை.

உங்கள் முறை வரும்போது கேட்க வேண்டியவை: ஸ்கேனர் நேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி கிடைக்கும்? எனக்கான தரவு ஏற்கெனவே எடுத்தாயிற்றா, இனிமேல்தானா? நெறிமுறைக் குழு அனுமதி வந்துவிட்டதா? அனுமதி வராத ஆய்வுக்குப் போய் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்தவர்கள் உண்டு. ஒப்பந்தம் ஓராண்டா, மூன்றாண்டா, எதைப் பொறுத்து நீளும்?

அதைவிட முக்கியம், அந்த ஆய்வகத்தை விட்டுப் போனவர்களிடம் பேசுவது. பழைய உறுப்பினர் பட்டியல் தளத்தில் இருக்கும். இப்போது இருப்பவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், போனவர்கள் பேசுவார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் வரும். "விடுப்பில் ஊருக்கு எத்தனை நாள் போனீர்கள்?", "கடைசிப் பேப்பர் வெளிவர எவ்வளவு நாளாயிற்று?", "போகும்போது உங்கள் திட்டத்தை உங்களோடு எடுத்துப்போக விட்டாரா?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஒரு நொடி மௌனம் வந்தால் அதுவே பதில்.

சம்பளம், விசா

அமெரிக்காவில் என்.ஐ.எச். வைத்த ஃபெல்லோஷிப் அளவு 2024இல் அனுபவமில்லாத போஸ்ட்டாக்குக்கு ஆண்டுக்கு 61,008 டாலராக உயர்ந்தது. பல பல்கலைக்கழகங்கள் என்.ஐ.எச். அளவையே அடிமட்டமாகக் கொள்கின்றன. செயின்ட் லூயிஸில் அது தாராளம், பாஸ்டனில் வாடகைக்கே பாதி போகும். ஜெர்மனியில் டி.வி.-எல். 13 என்ற ஊதிய அட்டவணை பொதுவில் இருக்கிறது. அனுபவ ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் நடப்பது கடினம். வேலை ஒப்பந்தமா, வெறும் உதவித்தொகையா என்பதும் முக்கியம். உதவித்தொகையில் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு பெரும்பாலும் இருக்காது.

பிரிட்டனில் விசாக் கட்டணத்தோடு மருத்துவக் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றாண்டுக்குக் கணவனும் மனைவியும் என்றால் 6,210 பவுண்டு! திருப்பித் தருவீர்களா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள், சிலர் தருகிறார்கள்.

அமெரிக்காவுக்கு ஜே-1 விசாதான் வழக்கம். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்த பிறகு இன்னும் அதிகம். ஜே-1இல் 'ரிசர்ச் ஸ்காலர்' பிரிவில் ஐந்தாண்டு வரை இருக்கலாம். ஒரு பொறி இருக்கிறது: அந்தப் பிரிவில் ஆறு மாதம் மட்டும் போய்த் திரும்பினாலும், அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். பி.எச்டி.யின்போது சிறு பயணமாகப் போகிறவர்கள் 'ஷார்ட்-டெர்ம் ஸ்காலர்' போன்ற வேறு பிரிவில் போடச் சொல்லுங்கள். ஜே-1 முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்று முன்பு நம்மில் பலரைப் பயமுறுத்திய நிபந்தனைக்கான திறன் பட்டியலிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. அரசுப் பணத்தில் போனால் அந்த நிபந்தனை இன்னும் வரும்.

கிளம்பும் முன்

மனிதர்களின் ஸ்கேன் தரவை ஹார்டு டிஸ்க்கில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். நெறிமுறை அனுமதி உங்கள் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில். நிரலை எடுத்துப் போங்கள், தரவுக்கு முறையான ஒப்பந்தம் போடுங்கள். பாதியில் நிற்கும் பேப்பரை விமானம் ஏறும் முன் பிரிபிரின்ட்டாகவாவது ஏற்றிவிடுங்கள். போன பிறகு எழுதுவேன் என்று சொன்ன யாரும் எழுதியதில்லை, நான் உட்பட.

போய்ச் சேர்ந்த முதல் வாரம் எம்.ஆர்.ஐ. பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் உண்டா, நகை உண்டா என்று நீளும். வெள்ளி அரைஞாண், தாலி, மெட்டி, வருடக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தி எல்லாவற்றையும் தயங்காமல் எழுதுங்கள், அவர்கள் கேட்டுப் பழகியவர்கள். எனக்கு வேறொரு கேள்வியில் பேனா நின்றது: 'உலோகத்தைக் கடையும் இடத்தில் இருந்ததுண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா?' பட்டறையில் எட்டு வயதில் அப்பா வேட்டி முனையால் எடுத்துவிட்ட தூள் ஞாபகம் வந்தது. ஆம் என்று போட்டேன். கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று அறிக்கை வர நான்கு நாளாயிற்று. அதுவரை ஸ்கேனர் அறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஸ்கேன் செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.